சமோசாவுக்கு ஏடு தந்தவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, முதலாண்டு மாணவியருக்குக் கட்டுரைப் பயிற்சியாக ‘எங்கள் வீட்டு அடுக்களை’ என்றொரு தலைப்பைக் கொடுத்திருந்தேன். தலைப்பு எளிது என்பதால் எல்லோரும் எழுதிவிட்டார்கள். சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி என்று தாள்கள் மணத்தன. ஒரு தாளில் மட்டும், ‘எங்கள் வீட்டில் சமோசா செய்வதில்லை, சமோசாவுக்கான ஷீட் மட்டும் செய்கிறோம்’ என்று தொடங்கிய ஒரு பத்தி இருந்தது. எட்டே வரிகள். நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ‘முழுமையாக இல்லை, சமோசா செய்யும் முறையையும் எழுதவும்’ என்று ஓரத்தில் குறித்து, பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டேன்.

இருபதாண்டுக் காலம் தமிழிலக்கியம் கற்பித்தவள் செய்த பிழைகளில் இது பெரியதா சிறியதா என்று தெரியவில்லை. ஆனால் அதைப் பிழை என்று உணர்ந்துகொள்ள, பாக்தாத் வரைக்கும் போய்வர வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

*

இரண்டு வகைச் சமோசாக்களை நாம் அறிவோம். ஒன்று, வடநாட்டிலிருந்து வந்த கனத்த சமோசா. மாவைப் பிசைந்து, திரட்டி, பாதியாக அறுத்து, கூம்பாகச் சுருட்டி, உருளைக்கிழங்கை அடைத்து, எண்ணெயில் மெதுவாக வேகவிடுவது. மற்றொன்று, நம் தேநீர்க் கடைகளிலும் திரையரங்க இடைவேளைகளிலும் ரயில் நிலையங்களிலும் தட்டையாக, மெல்லியதாக, கடித்தால் நொறுங்கும் வெங்காயச் சமோசா. இந்த இரண்டாவது வகையின் மாவு சமோசா செய்யும் இடத்தில் பிசையப்படுவது அரிது. நீண்ட நாடா போல வெட்டிய, பாதி வெந்த மைதா ஏடுகளாக அது வெளியிலிருந்து வருகிறது. சமோசா பட்டி என்றும் ஷீட் என்றும் சொல்கிறோம். ஏட்டின் ஒரு முனையை மடித்துக் கூம்பாக்கி, உள்ளீட்டை வைத்து, முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே போய், கடைசி முனையை மைதாப் பசையால் ஒட்ட வேண்டும். சுவரொட்டி ஒட்டுகிற அதே பசைதான்.

கடையில் வாங்கிய ஏட்டில் செய்தது ‘உண்மையான’ வீட்டுப் பண்டம் ஆகாது என்றொரு எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கையாலேயே செய்தார்கள், இப்போதுதான் சோம்பல் வந்துவிட்டது என்பது அதன் உட்பொருள். அந்தக் காலம் என்பது எந்தக் காலம் என்று தேடிப் பார்த்தால் விடை வேறுவிதமாக இருக்கிறது.

*

சமோசாவின் பெயர் பாரசீகத்தது. நடுக்காலப் பாரசீகத்தின் ‘சன்போசக்’ அரபியில் ‘சன்பூசஜ்’ ஆயிற்று. ஹாரூன் அல் ரஷீது முதலிய கலீபாக்களின் அவையில் புகழ்பெற்றிருந்த இசைவாணரும் கவிஞருமான இஸ்ஹாக் அல் மவ்ஸிலி (மறைவு 850) இந்தப் பண்டத்தைப் பற்றி ஒரு கவிதையே பாடியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில், 944 முதல் 946 வரை ஆண்ட கலீபா அல் முஸ்தக்ஃபியின் விருந்தில் உணவைப் பற்றிய கவிதைகளை ஒவ்வொருவராகச் சொல்லிக்காட்டியபோது இதுவும் சொல்லப்பட்டது என்று வரலாற்றாசிரியர் அல் மஸ்ஊதி எழுதிவைத்திருக்கிறார். சமோசாவுக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஆண்டு இலக்கியப் பாரம்பரியம் உண்டு என்பதை இடைவேளையில் அதை வாங்கித் தின்னும்போது நாம் நினைப்பதில்லை.

1226இல் பாக்தாதில் முகம்மது இப்னு அல் ஹசன் என்பவர் ‘கிதாப் அல் தபீக்’ என்றொரு சமையல் நூலை இயற்றினார். மங்கோலியப் படை அந்நகரை அழிப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு. அதில் சன்பூசஜ் செய்முறை இருக்கிறது. இறைச்சியைப் பொடியாக்கி வேகவைத்து வதக்கி, கொத்தமல்லி, சீரகம், மிளகு, பட்டை, புதினா, பாதாம் முதலியவை சேர்க்கச் சொல்கிறார். அதற்குப் பிறகு அவர் சொல்வதுதான் என்னை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவந்தது. மெல்லிய ரொட்டியை எடுத்து, அதை நீண்ட பட்டைகளாக வெட்டி, உள்ளீட்டை வைத்து முக்கோணமாக மடித்து, கொஞ்சம் மாவால் ஒட்டி, நல்லெண்ணெயில் பொரிக்க வேண்டும் என்கிறார்.

பட்டை, முக்கோண மடிப்பு, ஒட்டும் மாவு. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையின் பின்கட்டில் நடப்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பாக்தாதில் எழுதி வைத்திருக்கிறார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உள்ளீட்டுக்கு ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி எழுதுகிறவர், அந்த மெல்லிய ரொட்டியை எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. அது எடுத்துக்கொள்ளப்படுகிறது, அவ்வளவுதான். அது ஏற்கெனவே இருக்கிறது. யாரோ செய்து வைத்திருக்கிறார்கள்.

இந்த மௌனம் பின்வரும் நூல்களிலும் தொடர்கிறது. 1334இல் தில்லிக்கு வந்த இப்னு பதூதா, முகம்மது பின் துக்ளக்கின் அரண்மனை விருந்தை வருணிக்கையில், பாதாம், வாதுமை, பிஸ்தா, வெங்காயம், மசாலாக்களோடு சமைத்த கொத்துக்கறியை மெல்லிய ரொட்டியில் பொதிந்து நெய்யில் பொரித்து, ஆளுக்கு நான்கோ ஐந்தோ வைத்தார்கள் என்று எண்ணிச் சொல்கிறார். பருப்புகளின் பெயர்கள் இருக்கின்றன. ரொட்டி ‘மெல்லிய ரொட்டி’ என்பதோடு நின்றுவிடுகிறது.

மாளவத்தின் மாண்டு நகரில் 1469 முதல் 1500 வரை ஆண்ட கியாத் ஷாவுக்காகத் தொடங்கப்பெற்று, அவர் மகன் நாசிர் ஷாவின் காலத்தில் முடிக்கப்பெற்ற ‘நிமத்நாமா’வில் சமோசா வகைகள் ஏராளம். இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அச்சுவடியின் ஓவியங்களில், மீசை வைத்த சுல்தானைச் சுற்றிப் பெண்கள் சமைத்துக்கொண்டும் பரிமாறிக்கொண்டும் இருக்கிறார்கள். சுல்தானுக்குப் பெயர் உண்டு. பண்டத்துக்குப் பெயர் உண்டு. அடுப்பின் முன் குனிந்திருக்கும் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

1590ஐ ஒட்டி அபுல் ஃபசல் எழுதிய ‘ஐன்-இ-அக்பரி’ கணக்குப்பிள்ளையின் நேர்த்தியோடு பேசுகிறது. இந்துஸ்தானத்து மக்கள் சன்பூசா என்று சொல்லும் குதாபுக்கு 10 சேர் இறைச்சி, 4 சேர் மாவு, 2 சேர் நெய், 1 சேர் வெங்காயம் என்று அளவு தருகிறார். இருபது விதமாகச் செய்யலாம் என்கிறார். அந்தப் பட்டியலில் உருளைக்கிழங்கும் இல்லை, மிளகாயும் இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் வழி வந்து நம் மண்ணில் ஊன்றியவை. சமோசாவின் ‘உண்மையான’ உள்ளீடு எது என்று வாதிடுகிறவர்கள் நினைவில் கொள்ளத் தக்க செய்தி இது. உள்ளே இருப்பது நாட்டுக்கு நாடு, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சுற்றியிருக்கும் ஏடுதான் பெரிதும் மாறாமல் இருக்கிறது. ஆனால் எழுதப்பட்டதெல்லாம் உள்ளீட்டைப் பற்றியே.

*

ஏட்டைச் செய்பவர் ஒருவர், அதைப் பொதிபவர் மற்றொருவர் என்ற இந்தப் பிரிவினை சமோசாவோடு நின்றுவிடுவதன்று. துருக்கியில் ‘யுஃப்கா’ என்ற மெல்லிய ஏட்டைச் செய்து விற்பதற்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. குடும்பத்தினர் அந்த ஏடுகளை வாங்கிப் போய், பட்டைகளாக வெட்டி, பாலாடைக்கட்டியையோ கறியையோ வைத்து முக்கோணமாக மடித்து, சிறிதளவு எண்ணெயில் வாணலியிலேயே பொரித்தெடுக்கிறார்கள். அதற்கு ‘முஸ்கா பொரெயி’ என்று பெயர். முஸ்கா என்றால் தாயத்து. மந்திரம் எழுதிய தாளை முக்கோணமாக மடித்துத் தைத்துக் கழுத்தில் கட்டும் வழக்கத்திலிருந்து வந்த பெயர். கடையில் வாங்கிய ஏடு என்பதற்காக அங்கே யாரும் முகஞ்சுளிப்பதில்லை.

மொராக்கோவில் ‘வர்கா’ என்றும், துனீசியாவில் ‘மல்சூக்கா’ என்றும் சொல்லப்படும் ஏடுகள் இன்னும் கடினமான கைவேலை. சூடேறிய தட்டின் மேல், ஈரமான மாவுருண்டையைக் கையில் வைத்துத் தட்டித் தட்டி எடுக்க, தட்டில் ஒட்டிக்கொண்ட மெல்லிய படலம் ஏடாகிறது. இது எல்லோருக்கும் வராது. எனவே அதில் தேர்ந்த பெண்களிடமிருந்து சந்தையில் வாங்கிக்கொள்வது வழக்கம். துனீசிய வீடுகளில் அதில் முட்டையை உடைத்து ஊற்றி மடித்து, எண்ணெயில் இருபுறமும் சிவக்கவிட்டால் ‘பிரிக்’ ஆகிவிடும்.

சொற்களில் நாட்டமுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வர்கா என்ற அரபிச் சொல்லுக்கு இலை என்றும் தாள் என்றும் பொருள். கிரேக்கர்கள் தங்கள் மெல்லிய மாவேட்டை அழைக்கும் ‘ஃபில்லோ’ என்ற சொல்லுக்கும் இலை என்றே பொருள். நம்மிடம் ஏடு என்ற சொல் இருக்கிறது. பனையோலையும் ஏடு, நூலின் தாளும் ஏடு, காய்ச்சிய பாலின் மேல் படிவதும் ஏடு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகள், மெல்லியதாக விரிந்ததைக் கண்டவுடன் இலையையும் எழுதுபொருளையும் நினைத்துக்கொண்டிருக்கின்றன. ‘ஷீட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதை ஏடு என்று சொல்லலாமே என்று தோன்றியதற்கும் அதுவே காரணம்.

உள்ளீட்டுக்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு. மதுரைக்காஞ்சியில் இரவுக் கடைத்தெருவை வருணிக்கும் இடத்தில், அடையும் மோதகமும் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு இருந்தபடியே உறங்குகிறார்கள். அம்மோதகத்தின் உள்ளே வைக்கும் பூரணத்துக்கு அங்கே ‘கவவு’ என்று பெயர். அகத்திட்டது கவவு. பண்டத்தோடு அதை விற்றவரின் களைப்பையும் சேர்த்துப் பார்த்த புலவர் மாங்குடி மருதனார். கடையில் வாங்கி உண்பது நேற்றைய வழக்கமன்று என்பதற்கும், உழைத்தவரையும் இலக்கியத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கும் அந்த உறங்கும் கூவியர் சான்று.

*

மதிப்பெண் போட்ட தாள்களைத் திருப்பிக் கொடுத்த வாரம் நோன்பு மாதம். அந்த மாணவி மூன்று நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. வேறொரு வேலையாக அவர்கள் தெருவுக்குப் போயிருந்த நான், வீட்டுக்குள்ளும் போனேன். முற்றத்தில் அவளுடைய அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார். “வாங்க டீச்சர், இதோ இந்த அடுக்கு மட்டும் முடிச்சிக்கிடுதேன்” என்றார். மகள் மனைப்பலகையில் திரட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வேலையை நான் முதன்முறையாகப் பார்த்தது அன்றுதான். மைதாவில் உப்பும் நீரும் சேர்த்து இறுகப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, அப்பளம் அளவுக்குத் திரட்டுகிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் தடவி, உலர்ந்த மாவைத் தூவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கு முழுவதையும் சேர்த்து மெல்லியதாகத் திரட்டுகிறார்கள். அதைச் சூடான கல்லில் போட்டு, சில நொடிகளில் திருப்பிப் போட்டு, உடனே எடுத்துவிட வேண்டும். சிவந்தால் கெட்டது, பிறகு மடிக்கும்போது ஒடியும். இடையில் இருக்கும் எண்ணெயும் மாவும் ஏடுகளை ஒட்டவிடாமல் காக்க, உள்ளே எழும் ஆவி அவற்றைச் சற்றே விலக்குகிறது. அந்தக் கணத்தில் ஒவ்வொரு ஏடாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

“சூடா இருக்கையிலேயே பிரிக்கணும் டீச்சர், ஆறிட்டா ஒட்டிக்கிடும்” என்று சொல்லிக்கொண்டே அவர் வெறுங்கையால் பிரித்தார். விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. பிரித்த ஏடுகளின் வட்ட ஓரங்களை நறுக்கி நீக்கி, நீளப் பட்டைகளாக்கி, ஈரத்துணியில் பொதிந்து வைத்தார். நறுக்கிய ஓரங்களை எண்ணெயில் பொரித்து உப்புத் தூவி ஒரு தட்டில் எனக்குத் தந்தார். அந்த வீட்டில் ஏட்டிலிருந்து அவர்களுக்கு மிஞ்சுவது அதுதான். பட்டைகள் அன்று மாலையே கடைக்குப் போய்விடும். நோன்பு மாதத்தில் தேவை பெருகுவதால் மகளும் உட்கார வேண்டியிருக்கிறது.

அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துக்கு நான்கு போட்டதை நினைத்தேன். அந்தப் பெண் முழுமையில்லாமல் எழுதவில்லை. பாக்தாத் நூலாசிரியரும் இப்னு பதூதாவும் அபுல் ஃபசலும் விட்டுவிட்ட பகுதியைத்தான் அவள் எட்டு வரியில் எழுதியிருந்தாள். அவர்கள் எழுதிய பகுதியை எழுதவில்லை என்பதற்காக நான் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன்.

*

அன்று ஒரு கட்டு ஏடு வாங்கிக்கொண்டு வந்தேன். காசு வாங்க மறுத்தவரிடம் வற்புறுத்திக் கொடுத்தேன். அதன் பயனைச் சொல்லாமல் விட்டால் சமையல் தெரிந்த வாசகர்கள் கோபிப்பார்கள்.

வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட வேண்டும். அதன் பிறகும் கசியும் நீரை உறிஞ்சுவதற்காக ஒரு கைப்பிடி அவலைச் சேர்ப்பது நம் ஊர்க் கடைக்காரர்களின் உத்தி. மிளகாய்த்தூள், சோம்பு, கொத்தமல்லித் தழை சேர்த்தால் கவவு ஆயிற்று. உள்ளே ஈரம் மிகுந்தால் ஏடு கிழியும், பொரிந்த பின் நமுத்துப்போகும். ஏடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மற்றவற்றை ஈரத்துணிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். காற்றுப் பட்டால் உலர்ந்து ஒடியும்.

இவற்றைப் பொரிக்க வாணலி நிறைய எண்ணெய் வேண்டியதில்லை. ஏடு மெல்லியது, ஏற்கெனவே பாதி வெந்தது. எனவே தோசைக்கல்லிலோ தட்டையான வாணலியிலோ விரற்கடை உயரத்துக்கும் குறைவான எண்ணெய் போதும். மிதமான தீயில், ஒட்டிய பக்கம் முதலில் கீழே இருக்கும்படி வைத்தால் பசை இறுகி வாய் திறக்காது. சிவந்ததும் திருப்பிப் போடலாம். கனத்த வடநாட்டுச் சமோசாவை இப்படிச் செய்ய முடியாது. அதன் பச்சை மாவு உள்ளே வரை வேக எண்ணெயில் மூழ்கிக் கிடந்தாக வேண்டும். நமக்கு எளிதாக இருக்கிறதென்றால், அடுப்பின் முன் படவேண்டிய பாட்டில் பாதியை வேறொருவர் முன்பே பட்டுவிட்டார் என்று பொருள்.

*

2016இல் யுனெஸ்கோ நிறுவனம், லவாஷ், கத்திர்மா, ஜுப்கா, யுஃப்கா என்னும் மெல்லிய ரொட்டிகளைச் செய்து பகிரும் பண்பாட்டை, அசர்பைஜான், ஈரான், கசகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஆகிய ஐந்து நாடுகளின் பெயரில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. உள்ளீடு எதுவும் இல்லாத வெறும் ஏட்டுக்குக் கிடைத்த மரியாதை. இதற்கு முன்பே நம் நாட்டில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனோடு அப்பளம் இடத் தொடங்கி, லிஜ்ஜத் என்ற பெயரில் பல்லாயிரம் பெண்கள் உரிமையுள்ள நிறுவனமாக அதை வளர்த்தார்கள். அப்பளம் இட்ட கைகளுக்கு ஒரு பெயரும் பங்கும் கிடைத்தன. சமோசா ஏடு இடும் கைகளுக்கு அப்படியொன்று நானறிய எங்கள் ஊரில் கிடைக்கவில்லை.

இதற்கிடையே இயந்திரமும் வந்துவிட்டது. சுழலும் சூடான உருளையின் மேல் மாவுக் கரைசல் படிந்து, முடிவில்லாத ஒரே ஏடாக உரிந்து வருகிறது. உறைபதனப் பெட்டிகளில் அது கடல் கடந்தும் போகிறது. லண்டனிலும் டொரோண்டோவிலும் நம்மவர்கள் சீனத்து ஸ்பிரிங் ரோல் ஏடுகளை வாங்கிச் சமோசா மடிக்கிறார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். வெறுங்கையால் கொதிக்கும் ஏட்டைப் பிரிக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்வது நல்லதுதான். அந்த வேலையை நம்பி வாழும் வீட்டுக்கு மாற்றாக என்ன வரும் என்ற கேள்விதான் எஞ்சுகிறது. இயந்திர ஏடு வந்த பிறகு கடைக்காரர் விலையைக் குறைத்துக் கேட்கிறார் என்று அந்த அம்மா சொன்னார். அதைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

கடையில் வாங்கியது என்பதால் ஒரு பண்டம் தரம் தாழ்ந்துவிடுவதில்லை என்பதை வரலாறு எனக்குக் காட்டியது. வாங்கியது என்று சொல்லும்போதே, விற்றவரும் செய்தவரும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள் என்பதை அந்த மாணவியின் தாள் காட்டியது. அவளுடைய மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். அடுத்த கட்டுரையில் அவள் ஏடு இடும் முறையை நான்கு பக்கங்களுக்கு எழுதினாள். இந்தக் கட்டுரையில் ஏடு பிரிக்கும் முறையைப் பற்றி நான் எழுதியதில் பிழை இல்லையென்றால், அது அவள் திருத்தித் தந்ததால்தான். இம்முறை சிவப்பு மை அவள் கையில் இருந்தது.

இந்த ஏட்டுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், யார் செய்கிறார்கள் என்று அறிந்தவர்கள் தெரிவித்தால் மகிழ்வேன்.